தூண்களுக்குப் பின்னால்: சிங்கப்பூர்ச் சாலைகளில் ஆறு நாள்

முதல் நாள், இரவு

சாங்கி விமான நிலையத்திலிருந்து ஹவ்காங்கில் உள்ள மகள் வீட்டுக்கு வரும் வழியில், எங்கள் கார் காலாங்–பாய லேபார் விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் இறங்கியது. 12 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலையில் 9 கிலோமீட்டர் நிலத்துக்கு அடியில் ஓடுகிறது. 2008 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது என்று மருமகன் சொன்னவுடன் என் மனம் சென்னைக்குப் போய்விட்டது. அதற்கு நான்கே மாதங்கள் கழித்து, 2009 ஜனவரியில்தான், மதுரவாயலையும் சென்னைத் துறைமுகத்தையும் இணைக்கும் 19 கிலோமீட்டர் பறக்கும் சாலைக்கு அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார்.

பின்னர் நடந்ததைச் சென்னைவாசிகள் அறிவார்கள். அடிக்கல் நாட்டியபோது மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. 2011இல் ஆட்சி மாறியது. கூவத்துக்குள் நிற்கும் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று கூறி 2012இல் அ.தி.மு.க. அரசு பணியை நிறுத்தியது. 2014இல் உயர் நீதிமன்றம் பணியைத் தொடரலாம் என்று தீர்ப்பளித்த பிறகும் தூண்கள் வெறுமனே நின்றன. 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி அதே வழிக்கு, ஈரடுக்குச் சாலை என்ற புதிய வடிவில், மறுபடியும் அடிக்கல் நாட்டினார். முதலில் ஏறத்தாழ 1,650 கோடி ரூபாய் என்று மதிப்பிடப்பட்ட பணி அப்போது 5,800 கோடியைத் தொட்டிருந்தது.

முப்பத்து மூன்று ஆண்டுகள் தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து, உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவன் நான். ஆற்றுக்குள் தூண் இறக்குவது எந்தப் பொறியாளரும் இருமுறை யோசிக்க வேண்டிய செயல் என்பதால், நீரோட்டம் பற்றிய அந்த ஆட்சேபத்தை வெறும் சாக்கு என்று ஒதுக்க என்னால் முடியாது. ஆனால் அது வரைபடம் மேசையில் இருந்தபோது எழாமல், ஆட்சி மாறித் தூண்கள் எழும்பிய பிறகு எழுந்ததால், அதில் நீரியல் எவ்வளவு, கட்சி எவ்வளவு என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. இதுதான் என்னை நெடுங்காலமாக வருத்தும் செய்தி. ஒரே கட்சி 1959 முதல் ஆண்டுவரும் இந்த ஊரில், சாலை எங்கே போக வேண்டும் என்பதில் கட்சிக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை ஆறு நாளில் இயன்றவரை பார்த்து, ஒவ்வோர் இரவும் எழுதலாம் என்று இருக்கிறேன்.

இரண்டாம் நாள்

இன்று ஹவ்காங்கை விட்டு எங்கும் போகவில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை.

மகளின் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் பிறந்தவர்; எழுபதுகளில் பொதுப்பணித் துறையில் சேர்ந்து, 1981இல் நிறைவடைந்த தீவு விரைவுச்சாலைப் பணியில் தார் போடும் குழுவில் இருந்தவர். என்னைத் “தம்பி” என்று அழைக்கிறார். நானும் அவரை “அண்ணே” என்கிறேன். சாலைக்காரன் வந்திருக்கிறான் என்று தெரிந்ததும், காலையிலேயே என்னைக் கீழ்த்தளத்துக் காப்பிக்கடைக்கு அழைத்துப் போய் தே தாரே (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) வாங்கிக் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

“சாலையில் கட்சியைத் தேடாதீர்கள், தம்பி. மின்தூக்கியில் தேடுங்கள்” என்றார்.

இங்குள்ள பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டடங்களில் மின்தூக்கி எல்லா மாடிகளிலும் நின்றதில்லை. சில மாடிகளுக்கு ஒருமுறைதான் நின்றது; மற்றவர்கள் ஏறியோ இறங்கியோ போக வேண்டியிருந்தது. இளம் குடும்பங்கள் குடியேறிய காலத்தில் இது பெரிதாகத் தோன்றவில்லை. அவர்களுக்கு முதுமை வந்தபோதுதான் இரண்டு மாடிப் படி பெரிய தூரமாகிவிட்டது. எல்லா மாடியிலும் நிற்கும்படி மின்தூக்கிகளை மாற்றும் திட்டம் 2001இல் வந்தது. ஆனால் மேம்பாட்டுப் பணிகளில் ஆளும் மக்கள் செயல் கட்சியை ஆதரிக்கும் வட்டாரங்களுக்கே முன்னுரிமை என்பதை அன்றைய பிரதமர் கோ சோக் டோங் 1997 தேர்தலின்போதே வெளிப்படையாக அறிவித்திருந்தார். ஹவ்காங் 1991 முதல் எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் கையில் இருக்கும் தொகுதி. பொத்தோங் பாசிர் 1984 முதல் 2011 வரை எதிர்க்கட்சியைச் சேர்ந்த சியாம் சீ டோங்கின் தொகுதியாக இருந்தது. 2006 தேர்தலில் ஆளும் கட்சி வென்றால் ஹவ்காங்குக்கு 10 கோடி வெள்ளிக்கும் (சிங்கப்பூர் டாலர்), பொத்தோங் பாசிருக்கு 8 கோடி வெள்ளிக்கும் மேம்பாட்டுப் பணிகள் என்று வாக்குறுதி தரப்பட்டது. இரண்டு தொகுதிகளுமே அதை ஏற்கவில்லை. மின்தூக்கித் திட்டம் பின்னாளில்தான் இங்கே வந்து சேர்ந்தது.

அண்ணன் இதைச் சொன்னபோது அவர் குரலில் கசப்பு இல்லை, பெருமை இருந்தது. ஆனால் எங்களோடு உட்கார்ந்திருந்த அவருடைய நண்பர் ஒருவர் அதை ஏற்கவில்லை. அரசாங்கப் பணத்தை ஆதரித்தவர்களுக்கு முதலில் செலவழிப்பதில் என்ன தவறு, வரிசை என்று ஒன்று இருந்தால் யாராவது கடைசியில் நிற்கத்தானே வேண்டும் என்று அவர் கேட்டார். பொறியாளன் என்ற முறையில் நான் சொன்னது இதுதான்: வரிசையை முழங்கால்களின் வயது தீர்மானித்திருந்தால் ஒப்புக்கொள்வேன், வாக்குச்சீட்டு தீர்மானித்தால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கோப்பி சொன்னார். வாதம் முடியவில்லை.

பிற்பகலில் அண்ணன் என்னை எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடத்திக் கூட்டிப்போனார். வெயிலோ மழையோ படாமல் பெரும்பகுதி வழியைக் கூரையின் கீழேயே கடந்தோம். இந்த ஊரில் நடைபாதைக் கூரைகள் ஒரே கையிலிருந்து வருவதில்லை என்பதை அவர்தான் விளக்கினார். 2013இல் தொடங்கிய ஒரு திட்டத்தின்படி, ரயில் நிலையங்களைச் சுற்றி 400 மீட்டருக்குள் பள்ளிகளையும் மருந்தகங்களையும் குடியிருப்புகளையும் இணைக்க, தீவு முழுவதும் சுமார் 200 கிலோமீட்டர் கூரையை நிலப் போக்குவரத்து ஆணையமே அமைத்தது. 400 மீட்டர் என்பது அளவுகோல். அதை எந்தத் தொகுதியில் வைத்தாலும் 400 மீட்டர்தான். அந்த வட்டத்துக்கு வெளியே வரும் சிறு கூரை, சாய்தளம், விளையாட்டிடம் போன்றவற்றுக்குத் தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் சமூக மேம்பாட்டுத் திட்டக் குழுவின் நிதி உண்டு. அதற்கான பரிந்துரை வட்டாரத்தின் குடிமக்கள் ஆலோசனைக் குழு வழியாகப் போக வேண்டும். அந்தக் குழுவுக்கு வழிகாட்டும் அடித்தள அமைப்புகளின் ஆலோசகரை அரசாங்க அமைப்பான மக்கள் கழகம் நியமிக்கிறது. எதிர்க்கட்சி வென்ற தொகுதிகளில் அந்த இடத்தில் இருப்பவர் மக்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர், ஆளும் கட்சியைச் சேர்ந்தவர். பாட்டாளிக் கட்சி உறுப்பினர்கள் நாடாளுமன்றத்தில் பலமுறை எழுப்பிய விவகாரம் இது. தேசியத் திட்டங்களைச் செயல்படுத்துபவரே ஆலோசகராக இருக்க முடியும் என்பது அரசாங்கத்தின் விளக்கம்.

ஆக, ஒரு கூரைக்குப் பின்னால் அளவு நாடா இருக்கிறது, இன்னொரு கூரைக்குப் பின்னால் தொகுதி இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி மழையைத் தடுக்கின்றன என்பதால், கீழே நடப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

ஒன்றை நேர்மையாகப் பதிவு செய்ய வேண்டும். 2003 ஜூனில் வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது, எதிர்க்கட்சித் தொகுதிகளின் பெயரைத் தாங்கிய ஹவ்காங், பொத்தோங் பாசிர் நிலையங்கள் இரண்டும் முதல் நாளிலேயே திறந்தன. பெரிய கட்டுமானங்களில் வட்டாரத்தைப் பழிவாங்கிய தடயம் எதையும் நான் இங்கே காணவில்லை.

மூன்றாம் நாள்

காலை முழுவதும் மழை. மாலையில் புவாங்கோக் நிலையம் வரை போய் வந்தோம்.

அதே 2003இல் கட்டி முடிக்கப்பட்டும், போதிய பயணிகள் இல்லை என்ற காரணத்தால் திறக்கப்படாமல் பூட்டிக் கிடந்த நிலையம் இது. 2005 ஆகஸ்டில் ஓர் அமைச்சர் அந்த வட்டாரத்துக்கு வந்த நாளில், வீண்செலவைக் குறிக்கும் எட்டு வெள்ளை யானைகளின் அட்டை உருவங்கள் சாலையோரம் நின்றன. காவல்துறை விசாரணை நடந்தது. 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது; பொதுத் தேர்தல் அதே ஆண்டு மே மாதம் வந்தது. தேதிகள் அடுத்தடுத்து நிற்பதை மட்டும் வைத்துக் காரணம் கற்பிக்கக்கூடாது என்று என் பணிக்காலத்தில் இளையவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். இங்கும் அதையே கடைப்பிடிக்கிறேன்.

இரவு உணவின்போது மருமகன் வேறொரு கோணத்தை வைத்தார். “மாமா, நீங்கள் கட்சிகளுக்கு இடையே நடப்பதைத் தேடுகிறீர்கள். இங்கே உண்மையான சண்டை கட்சிக்குள்ளேயே நடந்திருக்கிறது” என்றார். ஐக்கிய நாடுகளின் உதவியோடு வகுக்கப்பட்ட 1971ஆம் ஆண்டுத் திட்டவரைவில் விரைவுச்சாலைகளும் ரயில் தடமும் சேர்ந்தே இடம்பெற்றன. சாலைகள் தகராறின்றி வளர்ந்தன; ரயில் மட்டும் பத்தாண்டுக்கு மேல் விவாதத்தில் கிடந்தது. பேருந்துகளே போதும் என்று துணைப் பிரதமர் கோ கெங் சுவீ வாதிட்டார். இவ்வளவு சிறிய தீவில் சாலையை மட்டும் நம்ப முடியாது என்று அமைச்சர் ஓங் டெங் சியோங் வாதிட்டார். ஹார்வர்டிலிருந்து வந்த நிபுணர்கள் பேருந்துப் பக்கம் நின்றார்கள். விவாதம் தொலைக்காட்சியிலேயே நடந்தது. கடைசியில், 1982 மே மாதம், 500 கோடி வெள்ளி மதிப்பில் ரயில் கட்டும் முடிவு வந்தது.

இரு தரப்பும் ஒரே கட்சி, ஒரே அமைச்சரவை. தோற்றவர் மறுநாள் வேலையை நிறுத்தவில்லை. இதைக் கேட்டபோது பொறாமையாகத்தான் இருந்தது.

நான்காம் நாள்

நேற்றைய பொறாமை இன்று குறைந்துவிட்டது.

புக்கிட் பிரவுன் கல்லறைத் தோட்டத்துக்கு அண்ணனும் வருவதாகச் சொன்னார். அவர் வயதை எண்ணி மகள் தயங்கினாள், அவர் கேட்கவில்லை. லோரோங் ஹல்வாவின் முகப்பில் உள்ள பழைய இரும்புக் கதவைக் கடந்தால் பெரிய மழைமரங்கள், அவற்றுக்கு அப்பால் புல் மூடிய மேடுகளில் சீனக் கல்லறைகள். 1922இல் நகராட்சியின் பொதுக் கல்லறையாகத் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்ட இந்த இடத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். லீ குவான் இயூவின் தாத்தாவும் அவர்களுள் ஒருவர். சில கல்லறைகளின் இரு பக்கமும் தலைப்பாகை கட்டிய சீக்கியக் காவலர்களின் கற்சிலைகள் நிற்கின்றன. செல்வந்தர் வீடுகளையும் வங்கிகளையும் காத்தவர்கள், அவர்களது கல்லறைகளையும் காக்கிறார்கள். அண்ணன் ஒரு சிலையின் தோளில் விழுந்திருந்த இலைகளைக் கையால் துடைத்துவிட்டார்.

இந்தத் தோட்டத்தை ஊடறுத்துச் சாலை வரும் என்று 2011 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. லோர்னி சாலையின் நெரிசலைக் குறைப்பது நோக்கம். அந்த ஆண்டு மே மாதம் நடந்த தேர்தலில்தான் ஆளும் கட்சியின் வாக்கு விகிதம் விடுதலைக்குப் பின் மிகக் குறைவாக, 60.1 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. மக்களைக் கலந்து பேச வேண்டும் என்ற பேச்சு எங்கும் பலமாகக் கேட்ட காலம். இயற்கை ஆர்வலர்களும் மரபு ஆர்வலர்களும் கல்லறை உறவினர்களும் எழுதினார்கள், நடந்தார்கள், கூட்டம் கூட்டினார்கள். 2012 மார்ச்சில் இறுதி வழி அறிவிக்கப்பட்டது. சாலை வந்தே தீரும் என்பதில் மாற்றமில்லை. ஆனால் அகற்றப்படும் கல்லறைகள் முதலில் சொல்லப்பட்ட 5,000 என்ற அளவிலிருந்து 3,746 ஆகக் குறைந்தன. ஓடைகள் உள்ள பள்ளத்தில், சாலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைப் பாலமாக உயர்த்தி, விலங்குகள் அடியில் கடந்து போக வழி விட்டார்கள். எடுக்கப்படும் ஒவ்வொரு கல்லறையையும் ஆய்வாளர்கள் ஆவணப்படுத்தினார்கள். லோர்னி நெடுஞ்சாலை என்ற பெயரில் எட்டுத் தடப் பாதையின் முதல் பகுதி 2018 அக்டோபரில் போக்குவரத்துக்குத் திறந்தது.

மேட்டில் நின்று அந்தப் பாலத்தை நெடுநேரம் பார்த்தேன். வேலை நேர்த்தியானது, தூண்களின் இடைவெளியும் வடிகாலும் குறை சொல்ல முடியாதவை. ஆட்சேபங்களைக் கேட்டு வடிவத்தை மாற்றியதையும் மதிக்கிறேன். ஆனால் “சாலை வேண்டுமா” என்ற கேள்விக்கு இங்கே எந்தத் தேர்தலிலும் விடை தேட முடியாது. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலையை நினைத்துக்கொண்டேன். 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய். 2018இல் விவசாயிகள் நிலத்தில் நின்று அழுதபோது, எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. அவர்கள் பக்கம் பேசியது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தலை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் புதிய அறிவிக்கையோடு தொடரலாம் என்றது வேறு கதை. நிலத்தை இழக்கவிருந்தவருக்குத் தன் சொல்லைச் சுமக்க ஒரு கட்சி கிடைத்தது, அடுத்த தேர்தல் என்ற ஒரு தேதி கிடைத்தது என்பதே நான் சொல்ல வருவது. கூவத்தில் தூண்களை அனாதையாக்கிய அதே போட்டிதான் அவருக்கு அந்த அவகாசத்தையும் வாங்கித் தந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க இன்று மாலை முழுவதும் முயன்றேன், முள் நிலைகொள்ளவில்லை.

ஐந்தாம் நாள்

தேக்காவில் தோசை சாப்பிட்டுவிட்டு ரோச்சோர் பக்கம் நடந்தேன். ரோச்சோர் சென்டர் நின்ற இடத்தைக் காண வேண்டும் என்பது நோக்கம். நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு நிறங்களில் நான்கு கட்டடங்களும் அடியில் கடைகளுமாக இருந்த இடம். முந்தைய பயணம் ஒன்றில் அங்கே எலுமிச்சைச் சாறு குடித்த நினைவு இருக்கிறது. வடக்கு–தெற்கு வழித்தடத்துக்காக அதை அகற்றப் போவதாக 2011 நவம்பரில் அறிவித்தார்கள். 567 குடும்பங்கள் வெளியேறின. பெரும்பாலோருக்குக் காலாங்கில் புதிய வீவக வீடுகள் தரப்பட்டன. 2018இல் இடிப்பு தொடங்கியது. இப்போது அங்கே தடுப்புத் தகடுகளும் பாரந்தூக்கிகளும்தான்.

21.5 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் திட்டம் 2008இல் வெறும் விரைவுச்சாலையாக அறிவிக்கப்பட்டது. 2016இல் பேருந்துத் தடங்களும் மிதிவண்டிப் பாதையும் சேர்த்து வடிவத்தையும் பெயரையும் மாற்றினார்கள். கார்களின் எண்ணிக்கை வளர்ச்சியை 2018 பிப்ரவரி முதல் பூஜ்யத்தில் நிறுத்திய நாட்டில், கார்களுக்காக மட்டும் இவ்வளவு பெரிய சாலையைத் தோண்டுவதை நியாயப்படுத்துவது கடினமாகத்தான் இருந்திருக்கும். என் பார்வையில் இந்த மாற்றம் பாராட்டத்தக்கது. கட்டத் தொடங்கும் முன்பே தன் முடிவைத் தானே திருத்திக்கொள்வது எந்த அரசுக்கும் எளிதல்ல. அதிலும், வேறொரு கட்சி வந்து திருத்துவதைவிட, அடிக்கல் நாட்டிய கட்சியே திருத்துவதில் செலவு குறைவு.

தடுப்புத் தகட்டின் ஓரத்தில் நின்றபோது, இதுவரை எங்கும் எழுதாத ஒன்று நினைவுக்கு வந்தது. தொண்ணூறுகளில் நான் வேலை பார்த்த ஒரு கோட்டத்தில், ரயில்வே கேட் ஒன்றுக்கு மேலே மேம்பாலம் கட்ட ஒப்புதல் கிடைத்து, அடிக்கல்லும் நாட்டப்பட்டது. தேர்தலில் ஆட்சி மாறியது. பாலத்தின் அணுகுசாலை எந்தப் பக்கம் இறங்குகிறதோ அந்தப் பக்கத்து நிலங்களின் மதிப்பு உயரும் என்பதால், இறங்கும் பக்கத்தை மாற்ற வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. கோப்பில் “மறு ஆய்வு தேவை” என்று எழுதிய கை என்னுடையது. மண் பரிசோதனையைக் காரணமாகக் காட்டினேன். மண்ணில் எந்தக் குறையும் இல்லை. பாலம் வர மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலமும் அந்தக் கேட்டில், வெயிலில், பள்ளிக் குழந்தைகள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபடியே நான் ஜீப்பில் கடந்திருக்கிறேன். உண்மையான காரணத்தைக் கோப்பில் எழுதும் துணிவு அன்று எனக்கு இருந்திருந்தால், பாலம் முன்னதாக வந்திருக்குமா என்று தெரியாது. காரணமாவது பதிவாகியிருக்கும்.

ஆறாம் நாள்

கடைசி நாளை மெர்டேக்கா பாலத்துக்கு ஒதுக்கினேன். அண்ணனும் வந்தார்.

மக்கள் செயல் கட்சி ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, 1956 ஆகஸ்டில், தொழிலாளர் முன்னணியின் முதலமைச்சர் லிம் இயூ ஹோக் திறந்து வைத்த பாலம் இது. மெர்டேக்கா என்றால் விடுதலை. விடுதலை கிடைக்குமுன்பே, அதன் மீதுள்ள ஆசையைப் பாலத்துக்குப் பெயராகச் சூட்டியிருக்கிறார்கள். அதே வேளையில், பாலத்தைச் சுமந்து செல்லும் சாலைக்கு, ஆளுநராக இருந்த ஆங்கிலேயர் ஜான் நிக்கலின் பெயர். 1959இல் ஆட்சி மாறியது. இரண்டு பெயர்களுமே இன்றும் இருக்கின்றன. பாலத்தின் இரு முனைகளிலும் இருந்த கற்சிங்கங்கள் மட்டும் சாலையை அகலப்படுத்தியபோது இடம்பெயர்ந்தன. அவை நின்ற இடத்தை அண்ணன் ஊன்றுகோலால் சுட்டிக் காட்டினார்.

சென்னையின் முதல் மேம்பாலத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். 1973 ஜூலையில் திறக்கப்பட்டபோது அதற்கு அண்ணா மேம்பாலம் என்று பெயர் சூட்டினார்கள். மக்களோ அருகில் இருந்த திரைப்பட நிலையத்தின் பெயரால் ஜெமினி மேம்பாலம் என்றே சொல்லிவருகிறார்கள். மேம்பாலங்கள் கட்டியதில் 12 கோடி ரூபாய் இழப்பு என்ற வழக்கில் 2001 ஜூன் 30 அதிகாலை முன்னாள் முதல்வர் கருணாநிதி கைது செய்யப்பட்டதையும், அந்த வழக்கில் எவரும் தண்டனை பெறவில்லை என்பதையும் சொன்னேன். அந்தப் பாலங்களில் அன்றும் வண்டிகள் ஓடினவா என்று அண்ணன் கேட்டார். ஓடின என்றேன்.

கீழே காலாங் படுகையில் சிறுவர்கள் படகு வலித்துக்கொண்டிருந்தார்கள். சிறிது நேரம் கழித்து, கூவத்துத் தூண்கள் இப்போது என்ன ஆயின என்று அவர் விசாரித்தார். புதிய பணி நடக்கிறது என்பது மட்டுமே எனக்குத் தெரியும். நாளைக் காலை விமானம். வீட்டுக்குப் போனதும் கோயம்பேட்டுப் பக்கம் சென்று கூவத்தின் கரையோரமாக நடந்து, பழைய தூண்களில் எவை எஞ்சியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அண்ணன் படம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்.